களிமண்ணில் பிறந்த கார்கள்

மழை விட்டதும் ஈர மண்ணைப் பிசைந்து பொம்மை செய்து விளையாடியிருக்கிறீர்களா? சட்டையெல்லாம் சேறாக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் திட்டும் வாங்கியிருப்பீர்களே! அப்படி மண்ணில் விளையாடிய ஒரு சிறுவன், வளர்ந்த பிறகு உலகின் மிகப் பெரிய கார் நிறுவனத்தில் துணைத் தலைவர் ஆனான். சின்ன வயதில் கைக்குப் பழகிய அதே மண் வித்தையைக் கொண்டு கோடிக்கணக்கான கார்களின் தோற்றத்தையே மாற்றிக் காட்டினான். அவர்தான் அமெரிக்காவைச் சேர்ந்த ஹார்லி ஏர்ல்.

பழைய ஆங்கிலத் திரைப்படங்களில் நீள நீளமான கார்கள் வருமே, பார்த்ததுண்டா? முன்பக்கம் பளபளவென்று குரோமியப் பூச்சு. பின்பக்கம் மீன் துடுப்பு போல இரண்டு பக்கமும் தூக்கி நிற்கும் தகடுகள். அந்தத் தோற்றத்துக்கெல்லாம் முக்கியக் காரணம் இவர்தான். இவருடைய கதையைத் தெரிந்துகொள்வோமா?

பட்டறையில் வளர்ந்த பையன்

ஹார்லி ஏர்ல் 1893-ம் ஆண்டு நவம்பர் 22-ம் தேதி, கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஹாலிவுட்டில் பிறந்தார். ஹாலிவுட் என்றதும் சினிமாதானே நினைவுக்கு வருகிறது? அந்தக் காலத்தில் அங்கே சினிமா கிடையாது. பழத்தோட்டங்கள் நிறைந்த சிறிய ஊராக இருந்தது.

அவருடைய அப்பா, லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் குதிரை வண்டிகள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். பிறகு கார்கள் வரத் தொடங்கின. காலம் மாறுவதைப் புரிந்துகொண்ட அப்பா, 1908-ல் கார்களுக்குப் பாடி கட்டும் தொழிலுக்கு மாறினார். சக்கரமும் மரமும் தோலும் தகடும் சுத்தியல் சத்தமுமாக இருந்த அந்தப் பட்டறையே ஹார்லிக்கு முதல் பள்ளிக்கூடம்.

ஒரு கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மலைப்பகுதியில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தபோது பலத்த மழை பெய்தது. மழை விட்டதும் பார்த்தால், பள்ளத்தில் நல்ல பிசுபிசுப்பான களிமண். ஹார்லி அதை எடுத்துப் பிசைந்து, விதவிதமான கார் பொம்மைகளைச் செய்தாராம். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று, பந்தயக் கார் ஒன்று. இதை அவர் குடும்பத்தார் பின்னாளில் சொல்லி மகிழ்வார்கள்.

பிறகு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். விளையாட்டில் கெட்டிக்காரர். ஆனால் மனமெல்லாம் பட்டறையில்தான். படிப்பை முடிக்காமலேயே அப்பாவோடு வேலை செய்ய வந்துவிட்டார்.

இதற்குள் ஹாலிவுட்டில் சினிமா வந்துவிட்டது. நடிகர்களிடம் பணம் குவிந்தது. ஊரில் யாரிடமும் இல்லாத கார் தன்னிடம் இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஆசைப்பட்டார்கள். அவர்கள் தேடி வந்தது ஹார்லியைத்தான். டாம் மிக்ஸ் என்பவர் குதிரையேறிச் சண்டை போடும் படங்களில் நடித்துப் புகழ் பெற்றவர். அவருடைய காரின் மேல் நிஜமான குதிரைச் சேணம் ஒன்றையே பொருத்திக் கொடுத்தார் ஹார்லி!

களிமண் ஏன்?

1919-ல் டான் லீ என்ற காடிலாக் கார் விற்பனையாளர் அந்தப் பட்டறையை விலைக்கு வாங்கினார். பாடி கட்டும் பிரிவுக்கு ஹார்லியே தலைவராகத் தொடர்ந்தார். அங்கேதான் அவருடைய தனி வழி எல்லோர் கண்ணிலும் பட்டது.

அப்போது புதிய காரின் மாதிரியை மரத்தில் செதுக்கியோ, தகட்டைத் தட்டியோ செய்வார்கள். மரத்தில் ஒரு முறை அதிகமாகச் செதுக்கிவிட்டால் போனது போனதுதான். அதனால் புதிதாக எதையும் செய்து பார்க்கப் பயப்படுவார்கள். மட்கார்டு ஒரு துண்டு, பானெட் ஒரு துண்டு, விளக்கு ஒரு துண்டு என்று தனித்தனியாகச் செய்து ஒட்டவைத்தது போலவே கார்களும் இருந்தன.

ஹார்லியோ களிமண்ணை எடுத்தார். பிடிக்கவில்லையா? வழித்து எடுத்துவிட்டு மறுபடி பூசலாம். வளைவு போதவில்லையா? இன்னும் கொஞ்சம் மண்ணை அப்பலாம். மண் என்றால் ஒட்டும் இடம் தெரியாமல் ஒன்றோடு ஒன்று இழையும் அல்லவா? அதனால் முன்பக்கம், கதவு, பின்பக்கம் எல்லாம் சேர்ந்து ஒரே உருவமாகத் தெரிந்தன. தவறு செய்தாலும் திருத்திக்கொள்ளலாம் என்ற தைரியத்தைக் களிமண் கொடுத்தது. அதுதான் அதன் உண்மையான பயன்.

எல்லாம் கறுப்பு!

அந்த நாட்களில் அமெரிக்கச் சாலைகளில் எங்கே பார்த்தாலும் ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' கார்தான். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் விற்றன. மலிவான கார், உறுதியான கார். ஆனால் 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது! ஓடினால் போதும், அழகு எதற்கு என்பதே அன்றைய பொறியாளர்களின் எண்ணம்.

ஃபோர்டின் போட்டி நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸ். அதன் தலைவர் ஆல்பிரட் ஸ்லோன் வேறு மாதிரி யோசித்தார். எல்லோரிடமும் ஓடுகிற கார் ஒன்று வந்துவிட்டது. இனி அவர்கள் இன்னொரு கார் வாங்க வேண்டுமென்றால், பார்த்ததும் ஆசை வர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

இந்த நேரத்தில் அதே நிறுவனத்தின் காடிலாக் பிரிவுத் தலைவர் லாரன்ஸ் ஃபிஷர், கலிபோர்னியாவில் ஹார்லியின் பட்டறையைப் பார்த்தார். களிமண்ணில் முழுக் காரும் உருவாவதைக் கண்டு வியந்துபோனார். லாசால் என்ற புதிய காரை வடிவமைத்துத் தரும்படி ஹார்லியை டெட்ராய்ட் நகருக்கு அழைத்தார்.

ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த ஹிஸ்பானோ-சுய்சா என்ற காரை ஹார்லிக்கு மிகவும் பிடிக்கும். அதன் சாயலை எடுத்துக்கொண்டு, கூரான மூலைகளை மழித்து, தாழ்வாகவும் நீளமாகவும் தெரியும்படி லாசாலைச் செய்தார். 1927 மார்ச் மாதம் அது வெளிவந்தது. மக்கள் விரும்பி வாங்கினார்கள்.

ஸ்லோன் தாமதிக்கவில்லை. அதே ஆண்டு, கலை மற்றும் வண்ணப் பிரிவு என்ற புதிய துறையை 50 பேருடன் தொடங்கினார். தலைவர், ஹார்லி ஏர்ல். ஒரு பெரிய கார் நிறுவனம் தோற்றத்துக்கென்றே தனித் துறை வைத்தது அதுதான் முதல் தடவை.

தொழிற்சாலைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. என்ஜின் தெரியாத ஆட்கள், படம் வரைகிற பையன்கள் என்று கிண்டல் செய்தார்கள். அந்தத் துறைக்கு அழகு நிலையம் என்று பட்டப்பெயரும் வைத்தார்கள்.

வயிறு உப்பிய பியூக்

கிண்டல் செய்தவர்களுக்கு விரைவிலேயே ஒரு வாய்ப்புக் கிடைத்தது. 1929-ம் ஆண்டு மாடலாக வந்த பியூக் கார், ஹார்லியின் துறை முழுமையாக வடிவமைத்த முதல் கார். ஜன்னலுக்குக் கீழே பக்கவாட்டில் மெல்லிய வளைவு ஒன்று ஓடும்படி அவர் மாதிரி செய்திருந்தார். களிமண்ணில் அது மிக அழகாக இருந்தது.

ஆனால் தொழிற்சாலைக்குப் போனதும் நிலைமை மாறியது. தங்கள் வசதிக்காகப் பக்கத் தகட்டின் அடிப்பகுதியை உள்ளே இழுத்தார்கள். உயரத்தைச் சுமார் 5 அங்குலம் கூட்டினார்கள். இரண்டுமே சின்ன மாற்றம்தான். ஆனால் அந்த மெல்லிய வளைவு இப்போது துருத்திக்கொண்டு தெரிந்தது. வயிறு உப்பிய பியூக் என்று ஊரே கேலி செய்தது. விற்பனை சரிந்தது.

கார் முழுமையாகத் தயாராகி வந்த பிறகுதான் ஹார்லிக்கே விஷயம் தெரிந்தது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்கள் வரைந்த ஓவியத்தை யாரோ இழுத்து நீட்டி, உங்கள் பெயரிலேயே சுவரில் மாட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

தவறு அவருடையது இல்லை என்று சொல்லி ஒதுங்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. மாதிரியைச் செய்து கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருக்கக்கூடாது என்பதைக் கற்றுக்கொண்டார். அதன் பிறகு அவருடைய ஆட்கள் பொறியாளர்களோடும் தொழிற்சாலையோடும் நெருங்கி வேலை செய்தார்கள். காகிதத்தில் போட்ட கோடு சாலைக்கு வரும்வரை அதைக் காவல் காத்தார்கள்.

கனவுக் கார்

ஹார்லிக்கு எப்போதும் ஒரே குறிக்கோள். கார் நீளமாக வேண்டும், தாழ்வாக வேண்டும். உண்மையில் முடியாவிட்டாலும் பார்ப்பதற்காவது அப்படித் தெரிய வேண்டும். 1930-களில் அவர் காலத்து கார்கள் ஒவ்வொன்றாக மாறின. வண்டிக்குப் பின்னால் கட்டித் தொங்கவிட்ட பெட்டி போய், காரோடு இணைந்த டிக்கி வந்தது. நடுவில் துணி போட்டு மூடிய கூரை போய், ஒரே தகட்டாலான எஃகுக் கூரை வந்தது. ஏறுவதற்காக வெளியே நீட்டிக்கொண்டிருந்த பலகை மெல்ல மறைந்தது.

1938-ல் அவர் புதுமையான ஒரு காரியம் செய்தார். விற்பதற்காக இல்லாமல், வருங்காலத்தில் கார் எப்படி இருக்கலாம் என்று காட்டுவதற்காகவே ஒரு காரைச் செய்தார். அப்போதெல்லாம் சோதனை வண்டி என்றாலே எக்ஸ் என்று பெயர் வைப்பார்கள். நமது கார் அதற்கும் ஒரு படி மேலே இருக்கட்டும் என்று, ஆங்கில எழுத்து வரிசையில் அடுத்து வரும் எழுத்தை எடுத்து, பியூக் ஒய்-ஜாப் என்று பெயரிட்டார்.

அதில் முன்விளக்குகள் பகலில் மூடிக்குள் ஒளிந்துகொள்ளும். ஜன்னல் கண்ணாடிகள் மின்சாரத்தில் ஏறி இறங்கும். கதவுக் கைப்பிடிகள் வெளியே நீட்டாமல் கதவோடு கதவாக இருக்கும். இதெல்லாம் 1938-ல்! உலகின் முதல் கனவுக் கார் இதுதான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஹார்லி அதைக் கண்ணாடிக் கூண்டில் வைக்கவில்லை. பல ஆண்டுகள் தாமே ஓட்டிக்கொண்டு திரிந்தார்.

1951-ல் லெ சேபர் என்ற இன்னொரு கனவுக் காரைச் செய்தார். திறந்த காரை நிறுத்திவிட்டுக் கடைக்குள் போயிருக்கும்போது மழை வந்தால் என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருந்தார். மழைத்துளி இருக்கைகளுக்கு நடுவே இருந்த உணர்கருவியில் பட்டதும், கூரை தானாகவே மூடிக்கொள்ளும்!

இப்படிப்பட்ட கார்களை ஊர் ஊராகக் கொண்டுபோய் மோட்டோரமா என்ற கண்காட்சியில் வைப்பார்கள். கூட்டம் அலைமோதும். மக்கள் எதைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள் என்று கவனித்து, அதை அடுத்த ஆண்டுகளின் கார்களில் கொண்டுவருவார்கள்.

விமானம் தந்த வால்

இரண்டாம் உலகப் போர்க் காலம். டெட்ராய்ட் அருகே இருந்த ஒரு ராணுவ விமானத் தளத்தில் பி-38 லைட்னிங் என்ற புதிய போர் விமானம் வந்திருந்தது. ஹார்லி தம் குழுவினருடன் அதைப் பார்க்கப் போனார். ராணுவ ரகசியம் என்பதால் கிட்டே போக அனுமதி இல்லை. எட்ட நின்றே பார்த்தார்கள்.

அந்த விமானத்துக்கு இரண்டு உடல்கள், இரண்டு வால்கள். ஒவ்வொரு வாலிலும் ஒரு துடுப்பு. அந்த உருவம் அவர்கள் மனதில் பதிந்துவிட்டது. போர் முடிந்து, பிராங்க் ஹெர்ஷி முதலான வடிவமைப்பாளர்கள் பல மாதிரிகள் செய்து பார்த்தார்கள். 1948-ம் ஆண்டு காடிலாக் காரின் பின்பக்கத்தில் சின்னதாக இரண்டு துடுப்புகள் முளைத்தன. அவற்றின் நுனியில் பின்விளக்குகள். இடதுபக்க விளக்கை மேலே தூக்கினால், பெட்ரோல் ஊற்றும் வாய் அங்கே ஒளிந்திருக்கும்!

முதலில் சிலர் முகம் சுளித்தார்கள். பிறகு மக்களுக்குப் பிடித்துப்போயிற்று. மற்ற நிறுவனங்களும் துடுப்பு வைக்கத் தொடங்கின. யார் துடுப்பு உயரம் என்று போட்டியே நடந்தது. 1959-ம் ஆண்டு காடிலாக்கில் அது உச்சத்துக்குப் போனது. அந்தக் காரின் நீளம் கிட்டத்தட்ட 19 அடி. உயரமோ 4 அடி 8 அங்குலம்தான். உங்கள் வகுப்பறைச் சுவரில் அளந்து பாருங்கள், புரியும்!

வெள்ளை நிறக் கார்வெட்

போர் முடிந்து திரும்பிய இளைஞர்கள், ஐரோப்பாவின் சிறிய பந்தயக் கார்களை விரும்புவதை ஹார்லி கவனித்தார். அமெரிக்காவும் அப்படி ஒரு காரைச் செய்ய வேண்டும் என்று ரகசியமாக வேலையைத் தொடங்கினார். 1953 ஜனவரியில் நியூயார்க் மோட்டோரமாவில் அது காட்சிக்கு வந்தது. அதுதான் செவ்ரலே கார்வெட். அதன் பாடி எஃகுத் தகட்டால் ஆனதல்ல. கண்ணாடி இழையால் ஆனது.

முதல் ஆண்டில் மொத்தம் 300 கார்கள்தான் செய்தார்கள். எல்லாமே வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு. ஆனால் என்ஜினுக்கு வேகம் போதவில்லை. 1955-ல் வெறும் 700 கார்களே தயாராயின. திட்டத்தையே கைவிட்டுவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. வலுவான என்ஜின்தான் கார்வெட்டைக் காப்பாற்றியது. 70 ஆண்டுகளைக் கடந்து இன்றும் அந்தப் பெயரில் கார் வந்துகொண்டிருக்கிறது.

ஹார்லி ஆள் எப்படி?

6 அடி 4 அங்குல உயரம். பளிச்சென்ற நிறங்களில் கோட்டு சூட்டு. உரத்த குரல். கோபம் வந்தால் எல்லோரும் நடுங்குவார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அவர் பென்சில் பிடித்து வரைவது மிகவும் குறைவு. மற்றவர்கள் செய்த மாதிரிகளுக்கு முன்னால் உட்கார்ந்து, இந்தக் கோட்டைக் கொஞ்சம் இறக்கு, அந்த வளைவைக் கொஞ்சம் கூட்டு என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கண்தான் அவருடைய கருவி.

1940-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அவரைத் துணைத் தலைவர் ஆக்கியது. அழகு நிலையம் என்று கேலி செய்யப்பட்ட துறையின் தலைவருக்குக் கிடைத்த மரியாதை அது. 1950-களில் தம் குழுவில் பெண் வடிவமைப்பாளர்கள் பலரைச் சேர்த்துக்கொண்டார். கார் தொழிலில் அது அப்போது மிகவும் அபூர்வம்.

அவரும் சறுக்கியதுண்டு. 1956-ல் அவர் ஐரோப்பா போயிருந்தார். அந்த நேரத்தில் போட்டி நிறுவனமான கிரைஸ்லரின் புதிய கார்களை அவருடைய இளம் வடிவமைப்பாளர்கள் பார்த்துவிட்டார்கள். மெலிந்த கூரை, நேர்த்தியான கோடுகள். நம்முடைய கார்கள் கனத்துப்போய், குரோமியம் வழிந்து பழசாகத் தெரிகின்றனவே என்று பதறி, தலைவர் இல்லாதபோதே புதிய மாதிரிகளைத் தொடங்கினார்கள். திரும்பி வந்த ஹார்லி என்ன செய்வாரோ என்று பயந்தார்கள். அவரோ பார்த்தார், யோசித்தார், இளைஞர்களின் வழியையே ஏற்றுக்கொண்டார். களிமண்ணை வழித்துவிட்டு மறுபடி பூசத் தெரிந்தவர் அல்லவா?

இன்னொரு பக்கம்

ஹார்லி கொண்டுவந்த வழக்கத்தில் ஒரு குறையும் உண்டு, நண்பர்களே. ஒவ்வோர் ஆண்டும் காரின் தோற்றத்தை மாற்றினால், நன்றாக ஓடும் கார்கூடப் பழசாகத் தெரியும். தேவை இல்லாவிட்டாலும் புதியது வாங்கத் தோன்றும். இது நல்லதா என்று அன்றே பலர் கேட்டார்கள்.

துடுப்புகள் அழகுதான். ஆனால் அவை காரை வேகமாக ஓட வைக்கவில்லை. அவற்றின் கூரான முனை சாலையில் நடப்பவர்களைக் காயப்படுத்தக்கூடியது. வழக்கறிஞர் ரால்ஃப் நாடர் 1965-ல் எழுதிய புத்தகத்தில், கார் நிறுவனங்கள் தோற்றத்துக்குக் கொடுக்கும் கவனத்தைப் பாதுகாப்புக்குக் கொடுக்கவில்லை என்று ஆதாரங்களோடு குற்றம் சாட்டினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் கார் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காரை வாங்குபவரின் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. உள்ளே உட்கார்ந்திருப்பவரையும் சாலையோரம் நடந்து போகிறவரையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பதை அடுத்து வந்தவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இன்றும் களிமண்

ஹார்லி ஏர்ல் 1958-ன் முடிவில் ஓய்வு பெற்றார். 1969 ஏப்ரல் 10-ம் தேதி, ஃபுளோரிடா மாநிலத்தில் தமது 75-வது வயதில் காலமானார். அமெரிக்காவின் புகழ்பெற்ற டேடோனா 500 கார் பந்தயத்தில் வெல்பவருக்கு வழங்கும் கோப்பை அவர் பெயரில்தான் இருக்கிறது. அதன் உச்சியில், அவர் காலத்தில் உருவான ஃபயர்பேர்டு என்ற கனவுக் காரின் சிறிய உருவம் நிற்கிறது. விமானம் போல மூக்கும் இறக்கையும் வாலும் கொண்ட கார் அது!

துடுப்புகள் போய்விட்டன. குரோமியம் குறைந்துவிட்டது. கம்ப்யூட்டரில் காரை வரையும் காலமும் வந்துவிட்டது. ஆனாலும் உலகின் பெரிய கார் நிறுவனங்களில் இன்றும் ஒரு கூடம் உண்டு. அங்கே சட்டகத்தின் மேல் பதமான களிமண்ணை அப்பி, கருவிகளால் வழித்து வழித்து, நிஜக் காரின் அளவிலேயே மாதிரி செய்கிறார்கள். திரையில் தெரியாத பிழையை அங்கே கண்ணும் கையும் கண்டுபிடித்துவிடுகின்றன.

அடுத்த முறை மழை விட்டதும் மண்ணைப் பிசையத் தோன்றினால், ஒரு கார் செய்து பாருங்கள். முதல் தடவை சரியாக வராது. கவலை வேண்டாம். வழித்துவிட்டு மறுபடி செய்யுங்கள். ஹார்லியும் அப்படித்தான் செய்தார். கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போக மட்டும் மறக்காதீர்கள்!